பத்து ஆம்பியர்

சுற்றுலாக்காரர்கள் போய்
கேட்டில் சங்கிலி விழுந்த பிறகு
இந்தச் சரிவில் மிஞ்சுவது
இரண்டு கேரவன்கள்.

என்னுடையது எழுபத்து நாலாம் வருடத்து மாடல்.
சக்கரங்கள் பாதி மண்ணுக்குள்.
இனி எங்கும் நகராது;
காற்றுக்கு மட்டும் அது தெரியாது,
இரவு முழுக்கத் தள்ளிப் பார்க்கிறது.

தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை.
கேஸ் கசிந்தால் வெளியே போகட்டும் என்று
யாரோ யோசித்து வைத்தது.
கேஸ் அடுப்பைக் கழற்றி மூன்று வருடமாயிற்று.
போவதற்கு ஒன்றுமில்லை,
எனவே அது கார்டிகன் வளைகுடாவை
உள்ளே விடுகிறது.

ஜன்னல் ரப்பரெல்லாம் வெடித்து உதிர்ந்துவிட்டது.
பார்சலில் வந்த குமிழித் தாளை ஒட்டினேன்.
ஒற்றைக் காலுறைகளில் மணல் அடைத்து
கதவடியில் பாம்பாகக் கிடத்தினேன்.
ஹீட்டர் இரண்டு கிலோவாட்:
ஆனைப் பசிக்குச் சோளப்பொரி.
முழங்காலுக்கு மே மாதம்,
முதுகுக்கு டிசம்பர்.

அதுவும் எப்போதும் இல்லை.
இரண்டு கேரவனுக்கும் சேர்த்து ஒரே கம்பம்,
பத்து ஆம்பியர்.
என் ஹீட்டர் ஓடும்போது
பக்கத்தில் நெஸ்டா கெட்டிலைத் தட்டினால்
டப்.
சரிவு முழுக்க இருட்டு.

கம்பத்துக்கு நாற்பத்தொரு அடி,
மழையில் ஐம்பது.
போர்வைக்குள் காதைத் தீட்டிக்கொண்டு
அவள் கதவு திறக்கும் சத்தத்துக்கு நான்,
என் கதவுக்கு அவள்.
சில இரவுகளில் இருவருமே ஜெயித்து
விடியும்வரை விறைத்துக் கிடந்தோம்.

நவம்பர் கடைசியில் ஒரு ராத்திரி
இருவரும் ஒரே நேரத்தில் தோற்றோம்.
இரவு உடைமேல் மழைக்கோட்டு,
ஒரே சுவிட்சின்மேல் இரண்டு கைகள்.
பள்ளி வேன் ஓட்டுபவள் அவள்,
நாற்பது பிள்ளைகளை அதட்டிப் பழகிய குரல்.
"எம்லின், உன் ஹீட்டரா, என் டீயா,
இப்பவே பேசி முடிச்சிரலாம்."

தானியப் பெட்டி அட்டையில்
பேனாவால் எழுதி எடுத்து வந்தாள்.
ஒற்றைப்படை மணிகள் அவளுக்கு,
இரட்டைப்படை எனக்கு.
அடுத்தவர் மணியில் கெட்டில் வேண்டுமென்றால்
டார்ச்சை இருமுறை சிமிட்ட வேண்டும்.
நான் சிமிட்டுவேன்.
எதிர் ஜன்னலில் ஆரஞ்சுப் பொட்டு அணையும்.
மூன்று நிமிடம்
அவள் குளிரில்
என் தேநீர் கொதிக்கும்.

அதற்குமேல் நாங்கள் பேசிக்கொண்டதில்லை.
ஒருமுறை, காய்ச்சலில் நான் கிடந்தபோது,
ஏழு மணிக்கு அவள் ஜன்னல் சிமிட்டியது,
கெட்டிலுக்கில்லை,
மறுபடி மறுபடி,
எடுத்துக்கொள் என்று.
புரிந்துகொள்ள எனக்குப் பத்து நிமிடம் ஆனது.
அவளுக்கு அது பத்து நிமிட வீண் குளிர்.

ஜனவரியில் தங்கையின் பிரசவத்துக்கென்று
ஸ்வான்சீ போனாள், ஒரு வாரம்.
பத்து ஆம்பியரும் எனக்கே.
முதல் நாள் ஹீட்டரை நிறுத்தவே இல்லை.
குமிழித் தாளின் பின்னால்
ஜன்னல் பனி உருகி
மெத்தை ஓரம் நனைந்தது,
பணக்காரனைப்போல் எரிச்சல்பட்டேன்.

மீட்டர் அட்டையில் காசு கரைந்தது.
மூன்றாம் இரவு
கடிகாரம் மூன்றைக் காட்டியதும்
கை தானாகப் போய்
ஹீட்டரை அணைத்தது.
எதிர் ஜன்னலில் ஒன்றும் பற்றவில்லை.
ஓட்டை வழியே கடல் வந்து
கணுக்காலை மோந்து பார்த்தது.

நாலு மணிவரை
அப்படியே உட்கார்ந்திருந்தேன்,
யாருடைய முறை என்று தெரியாமல்.